திருப்பிக் கொடுக்க வந்த பதக்கம்

1934 மே மாதக் கடைசி. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் வானொலிப் பொறியாளர் கழகத்தின் மாநாடு. எட்வின் ஆம்ஸ்ட்ராங் என்ற பொறியாளர், அதே கழகம் 1917-ஆம் ஆண்டுக்காகத் தனக்கு வழங்கிய பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். எந்தக் கண்டுபிடிப்புக்காக அது கிடைத்ததோ, அது அவருடையதே அல்ல என்று சில நாட்களுக்கு முன்புதான் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது! (எஃப்.எம். ஒலிபரப்பைத் தந்தவரும் இவர்தான். அது தனிக்கதை.)

வழக்கின் வேர் 1912-ல் இருக்கிறது. ரேடியோ வால்வின் மூதாதையான 'ஆடியான்' குழாயை லீ டி ஃபாரஸ்ட் சில ஆண்டுகளுக்கு முன்பே உருவாக்கியிருந்தார். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பது அவருக்கே தெளிவாகத் தெரியவில்லை. உள்ளே மிஞ்சியிருக்கும் வாயுதான் காரணம் என்று நம்பினார். கொலம்பியா பல்கலைக்கழக மாணவரான ஆம்ஸ்ட்ராங், குழாயிலிருந்து வெளிவரும் மின்னோட்டத்தில் ஒரு பங்கை மறுபடி உள்ளே செலுத்திப் பார்த்தார். மெல்லிய சைகை பல மடங்கு பெருகியது. இன்னும் கூட்டினால் குழாய் தானே ரேடியோ அலைகளை உண்டாக்கியது. அதாவது, ஒரே சுற்று வாங்கவும் உதவும், அனுப்பவும் உதவும்.

காப்புரிமைக்குப் பணம் கேட்டால், "முதலில் பட்டம் வாங்கு" என்பது அப்பாவின் பதில். அதனால் 1913 ஜனவரி 31 அன்று சுற்றின் படத்தில் நோட்டரியின் கையொப்பத்தை மட்டும் வாங்கி வைத்தார். விண்ணப்பித்தது அக்டோபரில், காப்புரிமை கிடைத்தது 1914-ல்.

டி ஃபாரஸ்ட் காட்டிய சான்று ஓர் ஆய்வக நோட்டுப் புத்தகம். 1912 ஆகஸ்ட் 6 தேதியிட்ட பக்கத்தில் அவருடைய உதவியாளர் வான் எட்டன் ஒரு சுற்றை வரைந்திருந்தார். டெலிஃபோன் ஒலியைப் பெருக்கும் முயற்சியின்போது, குழாயின் வெளியீட்டை உள்ளீட்டோடு இணைத்ததும் தெளிவான ஓர் ஓசை கேட்டதாகக் குறிப்பு. ஆம்ஸ்ட்ராங்குக்குச் சில வாரங்கள் முந்தைய தேதி!

இங்கேதான் தொழில்நுட்பச் சாட்சியம் இரண்டாகப் பிரிந்தது. "காதில் விழும் ஊளைச் சத்தம் வேறு, ரேடியோ அலை வேறு, அந்தச் சத்தத்தின் அருமை அன்று அவர்களுக்கே தெரியாது" என்றது ஒரு தரப்பு. "சுற்று ஒன்றுதான், சுருளையும் மின்தேக்கியையும் மாற்றினால் ரேடியோ அலை வந்துவிடும்" என்றது மறு தரப்பு. குழாயின் இயக்கத்தை வரைபடங்களோடு விளக்கிக் கட்டுரை எழுதியிருந்தவர் ஆம்ஸ்ட்ராங். 1921-லும் 1922-லும் நியூயார்க் நீதிமன்றங்கள் அவர் பக்கம் நின்றன.

அதோடு முடிந்திருக்க வேண்டிய வழக்கு. டி ஃபாரஸ்டிடம் செலவுத்தொகை கட்டப் பணம் இல்லை. அதை விட்டுக்கொடுக்க ஆம்ஸ்ட்ராங் மறுத்தார். பிடிவாதம்தான், வேறென்ன! இறுதி ஆணை பதிவாகாமலே கிடந்தது. 1924-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் டி ஃபாரஸ்ட் பக்கம் சாய, காப்புரிமை அவருக்குப் போனது. 1928-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

இதில் பணக் கணக்கும் உண்டு. அன்று காப்புரிமையின் ஆயுள் 17 ஆண்டுகள். ஆம்ஸ்ட்ராங்குடையது 1931-லேயே முடிந்துவிடும். டி ஃபாரஸ்டுடையதோ 1941 வரை ஓடும். உரிமைகளைக் கையில் வைத்திருந்த பெரிய நிறுவனங்களுக்கு எது லாபம் என்று சொல்லத் தேவையில்லை. ஆர்.சி.ஏ. நிறுவனம் ஒரு சிறிய ரேடியோ நிறுவனத்தின் மீது வழக்குப் போட, அந்தச் சிறிய நிறுவனத்தின் செலவை ஆம்ஸ்ட்ராங்கே ஏற்றார்.

1934-ல் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி கார்டோசோ. குழாயைப் புரிந்துகொண்டவர் யார் என்பது அவருடைய கேள்வி அல்ல. கொடுக்கப்பட்ட காப்புரிமை செல்லும் என்றே கொள்ள வேண்டும். செல்லாது என்பவர்தான் தெளிவான, வலுவான சான்றோடு நிரூபிக்க வேண்டும் என்றார். நிபுணர்கள் இரண்டுபட்டால் அங்கே ஐயம் இருக்கிறது என்றுதானே பொருள்? அந்த ஐயத்தின் பலன் டி ஃபாரஸ்டுக்குப் போனது. (2011-ல் மைக்ரோசாஃப்ட் தோற்ற ஒரு காப்புரிமை வழக்கிலும் இந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டப்பட்டது.) தீர்ப்பின் தொழில்நுட்ப விளக்கம் தவறு என்று பொறியாளர்கள் முணுமுணுத்தார்கள். அக்டோபரில் வாசகம் திருத்தப்பட்டது, முடிவு மாறவில்லை.

ஃபிலடெல்ஃபியாவில் ஆம்ஸ்ட்ராங் பதக்கத்தைத் தர எழுந்தபோது, கழகத் தலைவர் ஜான்ஸ்கி அதை வாங்க மறுத்தார். அந்தப் பதக்கம் அவருக்கே உரியது என்று நிர்வாகக் குழு ஒருமனதாக முடிவு செய்திருப்பதாக அறிவித்தார். அரங்கிலிருந்த பொறியாளர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.