வாயைப் பார்க்கும் அதிகாரம்

நம் சமூகத்தில் வாய் வெறும் உறுப்பு அல்ல. எச்சில், தீட்டு, அண்ணாந்து குடித்தல் என்று சாதி அதன்மேல் ஏராளமாக எழுதி வைத்திருக்கிறது. இந்த வாய்க்குள் நவீன மருத்துவம் எட்டிப் பார்த்த வரலாற்றை வாசிக்கும்போது, யார் யாரைப் பார்த்தார்கள் என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியவில்லை.

1902இல் சென்னை பொது மருத்துவமனையின் நிப்லாக், வெற்றிலை போடுவதையும் வாய்ப்புற்றையும் தொடர்புபடுத்தி எழுதினார். 1933இல், அன்று திருவிதாங்கூரில் இருந்த நெய்யூரிலிருந்து ஐ.எம். ஆர் 'லான்செட்' இதழில் அதை விரிவாக்கினார். அன்றிலிருந்து 'பழக்கம்' என்பதே விளக்கம். வசதியான சொல். குற்றத்தை நோயாளி தலையிலேயே கட்டிவிடலாம். நடவு வயலில் பசியை மறக்கப் புகையிலையை அடக்கிக்கொண்ட பெண் அச்சொல்லுக்குள் வரமாட்டாள். புகையிலை சேர்ந்த வெற்றிலையைப் புற்றுக்காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இல் அறிவித்தது. பாக்கே புற்றுக்காரணி என்று சொல்ல 2004 ஆயிற்று. அதுவரை "வெறும் பாக்குதானே" என்று மங்கலத் தாம்பூலம் தப்பித்துக்கொண்டது.

இந்நோயை முதலில் காண எந்திரம் வேண்டாம். வெளிச்சமும் கண்ணும் போதும்: இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்க முடியாத இறுக்கம். சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்து உறுதி செய்வது அடுத்த படி. என் அத்தை பல்வலி என்று போனார். "சொத்தைன்னு பிடுங்கி அனுப்பிட்டாங்கப்பா, நாக்கைத் தூக்கிக்கூடப் பாக்கலை" என்றார். பல்லைப் பார்க்கப் பயின்ற கண்ணுக்கு வாய் தெரியவில்லை.

1996இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளில் ஓர் ஆய்வு தொடங்கியது. மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற பட்டதாரிகள் வீடுவீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். 2005இல் வெளியான முடிவு: புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரிடையே வாய்ப்புற்றுச் சாவு 34 விழுக்காடு குறைந்தது. மொத்த மக்களிடையே குறைவு புள்ளியியல்படி உறுதிப்படவில்லை. மேல்சோதனைக்கு அனுப்பப்பட்ட எல்லோரும் போகவுமில்லை. ஒருநாள் கூலியை விட்டு, பஸ்ஸுக்குக் காசு தேடி, "புத்துன்னா சாவுதானே" என்ற பயத்தோடு போவது லேசா என்ன?

30 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனை என்று 2016இல் ஒன்றிய அரசு வழிகாட்டியது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்விலோ, எப்போதாவது வாய் பரிசோதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவே. வழிகாட்டுதல் காகிதத்தில் இருக்கிறது, வாய்கள் திறக்கப்படவில்லை.

சங்கங்களில் வேலை செய்யும் தோழர்கள் கூலி உயர்வோடு இதையும் கோரிக்கையாக்க வேண்டும். வயலிலும் தீப்பெட்டி ஆலையிலும் தூய்மைப் பணியாளர் குடியிருப்பிலும் பரிசோதனை, போய்வர வண்டி, அன்றைய கூலி. "ஏன் போட்டாய்?" என்று நூறு வருஷத்துக்கு மேல் கேட்டாயிற்று. "ஏன் பார்க்கவில்லை?" என்று இனி நாம் திருப்பிக் கேட்கலாம்.