சித்திரப் படங்களும் ஒரு தலைமுறையும்

பழைய சித்திரப் படங்களை நினைந்து உருகுவது இன்று வழக்கமாகிவிட்டது. அந்த ஏக்கம் எல்லார்க்கும் பொதுவென்று எண்ணுகிறார்கள். ஏக்கமும் ஒரு சொத்துத்தான். அது சமமாகப் பங்கிடப்படவில்லை.

ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கியது. 'ரேகவ' (1956) திரைப்படத்தைத் தொகுத்த டைட்டஸ் தொட்டவத்த, அங்கே பிறநாட்டுச் சித்திரப் படங்களைச் சிங்களத்துக்கு மாற்றும் பணியை முன்னின்று நடத்தினார். 'டொப் கற்' என்ற அமெரிக்கத் தெருப்பூனை 'பிஸ்ஸு பூசா' ஆகிச் சிங்களப் பேச்சுவழக்கிலே குறும்பு பேசிற்று. 'பக்ஸ் பனி' முயல் 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆயிற்று. அதனை மக்கள் கலைஞனின் பணியென்றே மதிக்கிறோம்.

உரும்பிராயில் பெட்டி இருந்த வீடுகளிலே அயற்பிள்ளைகளும் கூடிப் பார்த்தனர். பூனை விழுந்தெழுவது விளங்கிற்று. அது சொன்ன பகிடி விளங்கவில்லை. சிரிப்புக்கு மொழியில்லை என்பார் கூற்று பாதி உண்மையே.

அந்தப் பாதியும் நிலைக்கவில்லை. 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெயும் பற்றரியும் அரிதாயின. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். ஜாம் போத்தல் விளக்கிலே பிள்ளைகள் படித்தனர். தொலைக்காட்சிப் பெட்டி துணி போர்த்திய தளபாடமாயிற்று. 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அதைத் தூக்கிச் சென்றவர் எத்தனை பேர்?

அவ்வாண்டுகளில் வளர்ந்த பிள்ளைகள் பலர் அந்தப் பூனையை முதன்முதலிற் கண்டபோது மீசை அரும்பியிருந்தது.