பேசின் பிரிட்ஜ்: பெயரில் மட்டும் மிஞ்சிய படகுத்துறை

சென்ட்ரலில் இருந்து கிளம்பும் ரயில்கள் பேசின் பிரிட்ஜைக் கடக்கும்போது, கறுத்துப்போன ஒரு கால்வாய் அருகே ஓடும். பயணிகள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். ஆனால் இந்த இடத்துக்குப் பெயர் கொடுத்ததே அந்தக் கால்வாய்தான். படகுகள் நின்று சரக்கு ஏற்றி இறக்குவதற்கான அகன்ற நீர்த்துறையைத்தான் ஆங்கிலத்தில் 'பேசின்' என்பார்கள்.

1806-ல் பாசில் காக்ரேன் என்பவர் சென்னையில் இருந்து எண்ணூர் வரை, சுமார் 11 மைல் நீளத்துக்குக் கால்வாய் வெட்டினார். அதனால் முதலில் அதற்குக் 'காக்ரேன் கால்வாய்' என்றே பெயர். பிறகு அது பழவேற்காடு ஏரி வரை நீண்டது. 1613-லேயே டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வியாபாரம் செய்த ஊர் பழவேற்காடு! 1837-ல் அரசு கால்வாயை எடுத்துக்கொண்டது. உப்பு, நெல், ஸ்ரீஹரிகோட்டா காட்டு விறகு எல்லாம் படகில் வந்தன. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் கழி ஊன்றுவார்கள், அல்லது கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுப்பார்கள்.

அடுத்து வந்தது 1876–78 தாது வருஷப் பஞ்சம். பட்டினியால் வாடிய மக்களுக்கு வேலை தருவதற்காக, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் கால்வாய் வெட்டப்பட்டது. அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலைக்கு என்ன கூலி தெரியுமா? 1877-ல் சிறிது காலம், ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு (சுமார் 450 கிராம்) தானியமும் ஓரணாவும்தான். நாள் முழுக்க மண் சுமப்பவனுக்கு அது எப்படிப் போதும்? எதிர்ப்பு கிளம்பிய பிறகே கூலி உயர்ந்தது. ஆனால் கால்வாய்க்கு வைத்த பெயர், அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர்!

வடக்கே பெத்தகஞ்சத்தில் இருந்து தெற்கே மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீண்ட இந்த நீர்வழியை ரயிலும் லாரியும் மெல்ல ஓரங்கட்டின. 1965, 1966 புயல்கள் மேலும் சிதைத்தன. தூர் சேர்ந்தது, சாக்கடை கலந்தது. நகருக்குள் பறக்கும் ரயிலின் தூண்களும் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. 2008-ல் இது தேசிய நீர்வழி 4-ன் ஒரு பகுதியாக அறிவிக்கப்பட்டும், சென்னைக்குள் சரக்குப் படகு திரும்பவில்லை.

படகு போகாவிட்டாலும் மழைநீர் போக வேண்டுமே! கூவம், அடையாறு, கொசஸ்தலை மூன்றையும் தொட்டுச் செல்லும் இந்த வடிகால் சுருங்கச் சுருங்க, வெள்ளம் குடிசைகளுக்குள்தான் நுழைகிறது. பஞ்சத்தில் அரைவயிற்றோடு மண் சுமந்தவர்களின் உழைப்பு அது. தூர் வாரிக் காப்பாற்றினால், அதுவே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.