மேரி கியூரிக்குக் கிடைக்காத சொர்போன்

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்குச் 'சொர்போன்' என்றால் பாரிஸ் பல்கலைக்கழகம்தான். சர்க்கார் வேலைக்கு வந்து கொள்முதல் பிரிவில் உட்கார்ந்த பிறகுதான் அதற்கு இன்னொரு பொருளும் உண்டென்று தெரிந்தது. வேதியியல் ஆய்வகத்தில் அமில ஆவியை இழுத்து வெளியே தள்ளும் கண்ணாடிக் கதவுப் பெட்டியை நாம் ஃப்யூம் ஹுட் என்கிறோம். பிரெஞ்சில் அதற்கும் சொர்போன் என்றே பெயர்.

மேரி கியூரிக்கு அந்தப் பெட்டி கிடைக்கவில்லை. 1898 முதல் 1902 வரை, பாரிஸ் லோமோன் தெருவில் மழைக்கு ஒழுகும் கொட்டகையில் அவர் தாதுக் கழிவை டன் கணக்கில் காய்ச்சினார். நச்சு வாயு வெளியேற வழியில்லாததால் முற்றத்தில் நின்று வேலை செய்தார். மழை பெய்தால் எல்லாவற்றையும் உள்ளே தூக்கிவந்து, சன்னல்களைத் திறந்துவைத்துத் தொடர்ந்தார். முடிவில் கிடைத்த ரேடியம் குளோரைடு 0.1 கிராம். 1906இல் சொர்போன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய முதல் பெண்மணி அவரே.

பெட்டி கிடைத்தால் மட்டும் போதுமா? 1980களில் ஓர் ஆய்வகத்துக்கு ஃப்யூம் ஹுட் வாங்கும் கோப்பு என் மேசைக்கு வந்தது. பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்கில் ஒரு விலைப்புள்ளி, எவர்சில்வரில் ஒன்று. எவர்சில்வர்தான் மலிவு.

"சார், நாங்க தினமும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் காய்ச்சறோம். பிளாஸ்டிக்கே வாங்கிக் கொடுங்க" என்றார் ஆய்வக அட்டெண்டர்.

"வீட்டு டம்ளர் துருப்பிடிக்கிறதாய்யா?" என்று கேட்டு, மலிவானதற்கே குறிப்பு எழுதினேன்.

எவர்சில்வரைக் காப்பது அதன் மேல் படிந்திருக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். குளோரைடு அதைத் துளைத்துவிடும். இரண்டு மழைக்காலம் போவதற்குள் உட்சுவரில் பழுப்புப் புள்ளிகள், பிறகு ஓட்டைகள். ஆவி அறைக்குள்ளேயே திரும்பியது. அட்டெண்டர் இருமிக்கொண்டே வேலை பார்த்தார். தணிக்கையில் என் குறிப்புக்கு ஆட்சேபணை வரவில்லை. குறைந்த விலைதானே!

அதற்காக எவர்சில்வரே கூடாது என்றில்லை. பெர்குளோரிக் அமிலத்துக்கு அதுவே ஏற்றது, உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவும் வசதியோடு. அங்கே மரம் வைத்தால் ஆவி அதில் ஊறி ஒருநாள் வெடிக்கும். 1947 பிப்ரவரி 20இல் லாஸ் ஏஞ்சல்ஸ் மின்முலாம் பட்டறை ஒன்றில் பெர்குளோரிக் கலவைத் தொட்டி வெடித்து 17 பேர் மாண்டனர். அந்தத் தொட்டியில் இறக்கிய பிளாஸ்டிக் தாங்கியும் அதற்கு ஒரு காரணம். ஹைட்ரோபுளோரிக் அமிலமோ கண்ணாடிக் கதவையே அரித்து மங்கலாக்கும். அங்கே பாலிகார்பனேட் கதவு வேண்டும். பாலிபுரொப்பிலீன் அமிலத்தைத் தாங்கும், தீயைத் தாங்காது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, "உள்ளே என்ன காய்ச்சுவீர்கள்?" என்பதை. அந்த அட்டெண்டர் கேட்காமலே எனக்கு அதைச் சொன்னார். நான்தான் காதில் வாங்கவில்லை. ஓய்வு பெற்று இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அவருடைய இருமல் என் காதில் கேட்கிறது.