சவ்வுக்குள் குடியிருக்கும் செல்கள்

பிரெஞ்சுப் பள்ளியில் இயற்பியல் படித்தவர்களுக்கு அபே நொல்லே என்ற பெயர் மறந்திருக்காது. 1748-இல் அவர் ஒயினிலிருந்து வடித்த சாராயத்தைச் சிறு புட்டியொன்றில் நிரப்பி, காற்றுப் படாமல் இருக்க அதன் வாயைப் பன்றியின் மூத்திரப்பைத் தோலால் கட்டித் தண்ணீருக்குள் வைத்தார். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் தோல் மேலே புடைத்து நின்றது. ஊசியால் குத்தியதும் உள்ளே இருந்தது பீய்ச்சி அடித்தது. தண்ணீர் சவ்வு வழியாகத் தாராளமாக உள்ளே போயிருக்கிறது, ஆனால் சாராயம் அவ்வளவு எளிதாக வெளியே வரவில்லை. ஒன்றை விட்டு இன்னொன்றை நிறுத்தும் வேலையைச் சவ்வு செய்யும் என்பது அப்படித்தான் தெரிய வந்தது.

இந்தப் பழைய பாடத்தை இப்போது கிளறுவதற்குக் காரணம் சர்க்கரை வியாதி. இதைப் படிப்பவர்களில் சிலராவது இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர்களாக இருப்பீர்கள். ஊசியில் உள்ள கஷ்டம் குத்தும் வலி மட்டும் இல்லை. எவ்வளவு போடுவது என்பதை நாம்தான் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. நல்ல உடம்பில் இந்தக் கணக்கைக் கணையத்தில் உள்ள சிறு திட்டுகள் ஒவ்வொரு நிமிஷமும் பார்த்துக்கொள்கின்றன. அவற்றுக்கு லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்று பெயர். ஏறக்குறைய பத்து லட்சம் திட்டுகள் இருந்தும், எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தால் ஒன்றிரண்டு கிராம்தான் வரும். அந்த ஒன்றிரண்டு கிராமை வேறொரு உடம்பிலிருந்து எடுத்து வைத்துவிட முடியாதா? நூறு வருஷத்துக்கும் மேலாகக் கேட்கப்படும் கேள்வி இது.

1889-இல் ஸ்திராஸ்பூரில் மின்கோவ்ஸ்கியும் ஃபான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை எடுத்தார்கள். நாய்க்குச் சர்க்கரை வியாதி வந்தது. (அப்போது அந்த ஊர் ஜெர்மனியின் கையில் இருந்தது. எங்கள் வாத்தியார்கள் இதை ஒருபோதும் சொல்லாமல் விட்டதில்லை.) நான்கே வருஷத்தில், 1893 டிசம்பரில், பிரிஸ்டலில் வாட்சன் வில்லியம்ஸ் என்ற டாக்டர் சாகும் தறுவாயில் இருந்த பதினைந்து வயதுப் பையன் ஒருவனின் தோலுக்கடியில் ஆட்டுக் கணையத்தின் துண்டுகளை வைத்துத் தைத்தார். மூன்றாம் நாள் பையன் இறந்துபோனான். அந்த டாக்டரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்சுலின் வர இன்னும் முப்பது வருஷம் இருந்தது. அந்தப் பையனுக்குக் கொடுக்க அவரிடம் வேறு ஒன்றும் இல்லை.

1922-இல் டொரொன்டோவில் இன்சுலின் மனிதருக்குப் போடப்பட்ட பிறகு இந்த யோசனை கொஞ்ச காலம் பரண்மேல் ஏறிவிட்டது. 1933-இல் பிஷெலியே என்ற இத்தாலியர் கட்டிச் செல்களைச் சவ்வுப் பையில் போட்டு வேறு இனப் பிராணியின் வயிற்றுக்குள் வைத்தார். செல்கள் அழியாமல் இருந்தன. ஆனால் அன்னியச் சதையை உடம்பு ஏன் ஏற்பதில்லை என்பதே அன்று யாருக்கும் சரியாக விளங்கவில்லை. போர்க்காலத்தில் தீக்காயப்பட்டவர்களுக்குத் தோல் ஒட்டிப் பார்த்த மெடாவர்தான், ஒட்டிய தோலைத் தள்ளிவிடுவது நோயை எதிர்க்கும் அதே சக்தி என்று நிறுவினார்.

அந்தச் சக்தியின் எந்தக் கை கொல்கிறது? ரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்புப் பொருள்களா, நேரில் வந்து தாக்கும் வெள்ளை அணுக்களா? 1954-இல் அமெரிக்காவில் பெதெஸ்டாவிலுள்ள தேசியப் புற்றுநோய் நிலையத்தில் அல்ஜையரும் அவருடன் இருந்தவர்களும் இதற்கு ஒரு எளிய வழி கண்டார்கள். பிளாஸ்டிக் வளையத்தின் இரண்டு பக்கமும் வடிகட்டிச் சவ்வை ஒட்டினால் ஒரு குட்டி டப்பி கிடைக்கும். உள்ளே வேறொரு எலியின் திசுவை வைத்து, டப்பியை எலிக்குள் புதைத்தார்கள். செல்கள் நுழையும் அளவுக்குத் துளை இருந்தபோது உள்ளே இருந்த திசு அழிந்தது. நீர், உணவுச் சத்து எல்லாம் போய்வர, செல்கள் மட்டும் புக முடியாதபடி துளை சிறியதாக இருந்தபோது அது பிழைத்தது. இவ்வளவுதான் சோதனை. இந்தத் துறையில் பிற்பாடு செலவான கோடிகளைப் பார்க்கும்போது, அந்த டப்பிக்கு ஈடான சோதனை மிகக் குறைவு என்றே எனக்குப் படுகிறது.

1957-இல் மக்கில் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் சாங் தன் விடுதி அறையிலேயே நுண்ணிய சவ்வுப் பைகளைச் செய்யத் தொடங்கினார். 1980-இல் லிம், சன் இருவரும் எலியின் திட்டுகளை ஆல்ஜினேட் என்ற கூழில் உருண்டைகளாகப் பொதிந்து, சர்க்கரை வியாதியுள்ள எலிகளின் வயிற்றுக்குள் விட்டார்கள். சுமார் மூன்று வாரம் சர்க்கரை கட்டுக்குள் நின்றது. பொதியாமல் விட்ட திட்டுகள் அவ்வளவு நாள் தாங்கவில்லை. ஆல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்திலும் அந்தப் பாசியை இதற்காக அறுக்கிறார்கள். சன் வேலை பார்த்த டொரொன்டோவின் கானாட் ஆய்வு நிலையம், 1920-களில் இன்சுலினைப் பெரிய அளவில் தயாரித்த அதே நிறுவனம்.

அதற்குப் பிறகு நம்பிக்கை ஓடியது, காரியம் நடக்கவில்லை. 1994-இல் லாஸ் ஏஞ்சலிசில் ஒரு நோயாளி பொதிந்த திட்டுகளால் ஒன்பது மாதம் ஊசி இல்லாமல் இருந்தார் என்று அறிவித்தார்கள். ஆனால் அவர் ஏற்கெனவே மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்டு, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிட்டு வந்தவர். அந்த மாத்திரையே வேண்டாம் என்பதுதானே சவ்வின் நோக்கம்! 2000-இல் கனடாவின் எட்மன்டனில் ஷாப்பிரோ குழுவினர் சவ்வே இல்லாமல் திட்டுகளைக் கல்லீரலுக்குள் செலுத்தி, ஏழு பேரை ஊசியிலிருந்து விடுவித்தார்கள். விலை, தினமும் அந்த மாத்திரைகள். தொற்றுநோய், புற்றுநோய் அபாயம் என்று அவற்றின் தொல்லை பெரிது. ஒரு குழந்தைக்கு எந்தத் தகப்பன் அதைத் துணிந்து கொடுப்பான்?

சவ்வு ஏன் தோற்றது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. காலில் முள் தைத்து உள்ளேயே நின்றுவிட்டால், நாளாக நாளாக அதைச் சுற்றிச் சதை கெட்டியாகும். முள்ளைக் கரைக்க முடியாத உடம்பு அதைச் சிறை வைக்கிறது. சவ்வுப் பைக்கும் இதே கதிதான். வெள்ளை அணுக்களால் உள்ளே நுழைய முடியவில்லை, சரி. வேலிக்கு வெளியே அவை ஒரு மதிலையே கட்டிவிட்டன. ரத்தக் குழாய்க்கும் செல்லுக்கும் நடுவில் தழும்பு வந்துவிட்டது. பிராணவாயு திசுவுக்குள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தூரம்தான் தாராளமாகப் போகும். திட்டுகளோ பெரிய பிராணவாயுப் பசிக்காரர்கள். கணையத்தின் எடையில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கே இருந்துகொண்டு, அதற்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கின்றன. வேலிக்குள் பத்திரமாக இருந்த செல்கள் மூச்சு முட்டிச் செத்தன. சாகும் செல்களிலிருந்து கசியும் புரதத் துணுக்குகள் துளை வழியே வெளியே வந்து மேலும் படையைக் கூட்டின.

2014-இல் சான் டியேகோவில் வயாசைட் நிறுவனம் குருத்து செல்களிலிருந்து வளர்த்த கணையச் செல்களைத் தட்டையான பையில் இட்டு மனிதர்களின் தோலுக்கடியில் வைத்தது. அங்கும் இதே தழும்புதான். பிறகு ரத்தக் குழாய் உள்ளே வளரட்டும் என்று பையிலேயே ஓட்டை போட்டார்கள். ஓட்டை போட்டால் வெள்ளை அணுவும் வரும், மாத்திரையும் திரும்பி வந்தது. வேலி போட்டவனே வேலியைப் பிரித்த கதை. 2025 மார்ச்சில் வெர்டெக்ஸ் நிறுவனமும் தன் மூடிய பை போதிய இன்சுலின் தரவில்லை என்று அந்த முயற்சியை நிறுத்திவிட்டது. அதே நிறுவனம் சவ்வில்லாமல், மாத்திரையோடு கொடுக்கும் செல்கள் நன்றாகவே வேலை செய்கின்றன.

சவ்வு பலித்தது வேறு இடத்தில். 1996-இல் லோசானில் பாத்ரிக் எபிஷேர் குழுவினர் தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் கொடிய நரம்பு நோயுள்ள ஆறு பேரின் தண்டுவட நீருக்குள் மெல்லிய சவ்வுக் குழாய்களை வைத்தார்கள். உள்ளே இருந்தவை நரம்பைக் காக்கும் ஒரு புரதத்தைச் சுரக்கும்படி மாற்றிய வெள்ளெலிச் செல்கள். அடக்கும் மாத்திரை எதுவும் தரவில்லை. பதினேழு வாரம் கழித்தும் அந்தப் புரதம் அந்த நீரில் இருந்தது. நோய் நிற்கவில்லை, ஆனால் வேற்றினச் செல் மனித உடம்புக்குள் உயிரோடு வேலை செய்தது.

அதே புரதத்தைச் சுரக்கும் மனிதச் செல்கள் அடங்கிய, சுமார் ஆறு மில்லிமீட்டர் நீளக் குழாய் ஒன்றுக்கு 2025 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி அளித்தது. விழித்திரையின் நடுப்பகுதி மெல்ல அழியும் ஒரு அரிய நோய்க்காக அதைக் கண்ணுக்குள் வைக்கிறார்கள். கண்ணுக்குள் எதிர்ப்பு சக்தியின் கெடுபிடி குறைவு, தேவைப்படும் மருந்தும் துளியிலும் துளி. போன பார்வையை அது திருப்பித் தராது, இழப்பின் வேகத்தைத்தான் குறைக்கும். நமக்குத் தினமும் வேண்டிய இன்சுலினை அந்த அளவுக் குழாயால் கொடுக்க முடியாது. அதற்குப் பல லட்சம் திட்டுகள் வேண்டும், அத்தனைக்கும் மூச்சு விட இடமும் வேண்டும். பைக்குள்ளேயே பிராணவாயு உண்டாக்கப் பார்ப்பவர்களும், தழும்பு ஒட்டாத புதுக் கூழ் தேடுபவர்களும் இப்போது அந்தக் கணக்கோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.