எஸ்இ/30: ஒரு பெட்டிக் கணினியின் வரலாறும் பராமரிப்பும்

1984 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட முதல் மேக்கின்டோஷ், திரையையும் கணினியையும் கைப்பிடி வைத்த ஒரே கூட்டுக்குள் அடக்கியது. ஆயினும் 128 கிலோபைட் நினைவகம் விரைவிலேயே போதாமற்போயிற்று. அதே உருவத்தில் 1989 ஜனவரியில் வெளிவந்து 1991 வரை விற்கப்பட்ட எஸ்இ/30, அவ்வரிசையின் உச்சம் எனத் தக்கது. அதன் 9 அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரை பழைய 512×342 புள்ளிகளிலேயே நின்றுவிட்டபோதிலும், உள்ளே மோட்டோரோலா 68030 செயலியும், பின்னக் கணக்குகளை விரைந்து முடிக்கும் 68882 துணைச்செயலியும் ஏறத்தாழ 16 மெகாஹெர்ட்ஸில் இயங்கின; நினைவகத்தை 128 மெகாபைட் வரை உயர்த்த வழி வைத்தது அக்காலத்துக்கு மிகையான தாராளமே.

இன்று இக்கணினியைப் பேணுவோருக்குப் பெருந்தொல்லை தருபவை மின்தேக்கிகள், அதாவது மின்னூட்டத்தைச் சேமித்து வழங்கும் சிறு உறுப்புகள். தாய்ப்பலகையின் மேற்பரப்பில் பற்றவைக்கப்பட்ட அலுமினியக் குப்பிகளிலிருந்து கசியும் மின்பகு திரவம் செப்புத் தடங்களை அரிப்பதால், முதலில் ஒலி மங்கும், பிறகு திரையில் கோடுகள் மட்டுமே தோன்றும். பற்றவைப்புக் கோலின் சூடு பட்டதும் எழும் மீன் வாடையே கசிவைக் காட்டிக்கொடுத்துவிடும். பலகையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவிய பின், கசியாத டான்டலம் வகை மின்தேக்கிகளைப் பொருத்துவது வழக்கம். கடிகாரத்துக்கான 3.6 வோல்ட் லித்தியம் மின்கலம் வெடித்தால் பலகையே பாழாகும். ஆகவே அதை முன்னதாகவே கழற்றிவிட வேண்டும்.

கூட்டைத் திறப்பதும் எளிதன்று. கைப்பிடியின் ஆழத்தில் புதைந்த திருகுகளுக்கு நட்சத்திர முனையுள்ள நீண்ட டி15 திருப்புளி தேவை. மேலும், மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் படக்குழாயில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும் என்பதால், அதை முறைப்படி வெளியேற்றிய பின்னரே உள்ளே கை வைக்கலாம்.