காய்ந்த ரொட்டியின் சரித்திரம்

ஏழைகளின் சிக்கனத்திலே பிறந்த பலகாரம் என்று பிரெஞ்சு டோஸ்டைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக ஒரே குரலில் சொல்லி வருகிறார்கள். விறைத்துப்போன ரொட்டியை எறிய மனமில்லாத இல்லத்தரசி ஒருத்தி அதைப் பாலிலும் முட்டையிலும் தோய்த்துக் கல்லில் போட்டு எடுத்தாள் என்பதும், அதுவே இன்று விரல் நீளக் குச்சிகளாக நறுக்கப்பட்டுக் குழந்தைகளின் காலைத் தட்டுக்கு வந்திருக்கிறது என்பதும் கேட்பதற்கு இனிய கதைதான். ஆயினும் ஐரோப்பாவின் பழைய சமையற் கிரந்தங்களைச் சற்றுப் பொறுமையோடு வாசிக்கிறவனுக்கு, இந்தக் கதையில் ரொட்டி மட்டுமே ஏழை வீட்டுச் சொத்து, மற்றவை யாவும் செல்வர் வீட்டுச் சரக்கு என்பது விளங்காமற் போகாது.

அப்பிசியுஸ் என்பவரின் பெயரால் வழங்குவதும், கி.பி. நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுகளை ஒட்டித் தொகுக்கப்பட்டதாக அறிஞர்கள் கருதுவதுமான ரோமாபுரிச் சமையல் நூல், தித்திப்புப் பண்டங்களைச் சொல்லும் இடத்தில், உயர்ந்த மாவினால் ஆன வெள்ளை ரொட்டியின் மேலோட்டைச் சீவி நீக்கி, சற்றுப் பெரிய துண்டுகளாகப் பிய்த்து, பாலில் நனைத்து, எண்ணெயில் பொரித்து, மேலே தேனைச் சொரிந்து பரிமாறும்படி விதிக்கிறது. ரோமாபுரியின் ஏழை கண்டது தவிடு கலந்த கறுத்த ரொட்டி. வெள்ளை ரொட்டியை வாங்கி அதன் ஓரத்தையும் சீவி எறிகிற அடுக்களை அவனுடையதாக இருக்க முடியாது. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது: மூலத்தில் முட்டையே கிடையாது. 1936இல் அந்த நூலை ஆங்கிலத்தில் பெயர்த்த வேலிங், தாமே சமையற்கலைஞராக இருந்தவர், அடித்த முட்டையையும் அடைப்புக் குறிக்குள் சேர்த்துவிட்டார். அடைப்புக் குறியைப் பின்வந்தவர்கள் மறந்தார்கள், முட்டை மட்டும் நிலைத்துவிட்டது.

முட்டை ஐயத்துக்கு இடமின்றி வந்து சேர்வதை இங்கிலாந்தின் பதினைந்தாம் நூற்றாண்டுச் சுவடி ஒன்றிலே காண்கிறோம். வெள்ளைக் கருவைப் பிரித்து நீக்கி, மஞ்சள் கருவை மட்டும் வடிகட்டி, உப்பிட்டு, நல்ல ரொட்டியை வட்ட வட்டமாக அறுத்து அதில் நன்றாகத் தோய்த்து, உருக்கித் தெளியவைத்த வெண்ணெயில், அதாவது நம்முடைய நெய்யில், பொரித்து, வேண்டிய மட்டும் சர்க்கரையைத் தூவவேண்டும் என்று அந்தச் சுவடி சொல்லுகிறது. சட்டியில் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள் என்று இடையே ஒரு வாக்கியத்தையும் அதை எழுதியவர் சேர்த்திருக்கிறார். ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தும் அடுப்பின் முன் நிற்கிறவருக்கு அந்த எச்சரிக்கை வேண்டியிருக்கிறது. சர்க்கரை அக்காலத்து ஐரோப்பாவில் வாசனைத் திரவியங்களோடு ஒன்றாக வைத்து எண்ணப்பட்ட விலையுயர்ந்த சரக்கு என்பதை நினைத்தால், இது எவருடைய மேஜைக்குச் சென்ற பண்டம் என்று தனியே சொல்லவேண்டியதில்லை.

அப்படியானால் காய்ந்த ரொட்டியை ஏழை என்ன செய்தான்? கொதிக்கும் சாற்றில் போட்டு ஊறவைத்துத் தின்றான், அவ்வளவுதான். விறகுக்குப் பஞ்சமான ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களில் பொது அடுப்பை மூட்டுவதே பெரிய காரியமாக இருந்தபடியால், பிரான்ஸ் தேசத்து வில்லார்-தாரேன் என்னும் ஊரில் ரை என்னும் தானியத்து ரொட்டியை ஆண்டுக்கு ஒருமுறை நவம்பர் மாதத்திலே சுட்டு அடுக்கி, அடுத்த ஆண்டு வரையில் உடைத்து நனைத்துச் சாப்பிட்டு வந்தார்கள். அந்த ரொட்டியைக் காப்பாற்ற முட்டையும் நெய்யும் சர்க்கரையும் ஒருவரும் செலவிடவில்லை. செலவிட அவர்களிடம் இருந்ததும் இல்லை.

இவ்விரண்டு உலகங்களும் சந்திக்கும் இடம் பண்டிகையும் பிரசவமும் ஆகும். ஸ்பெயின் தேசத்தில் தொர்ரிஹா என்று வழங்கும் இந்தப் பண்டத்தை, பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் கவி ஹுவான் தெல் என்சினா, குழந்தை பெற்ற தாய்க்கு உரிய உணவாகக் குறிப்பிடுகிறார். போர்த்துகலிலும் பிள்ளை பெற்றவளுக்கான துண்டுகள் என்றே இதற்கொரு பெயர் உண்டு. அங்கே கிறிஸ்துமஸ் காலத்துக்கும் இது உரியது. ஸ்பெயினிலோ புனித வாரத்துப் பலகாரமாக இது நிலைபெற்றது. தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டையும் பாலும் விலக்கப்பட்டிருக்க, அப்படியிருந்தும் முட்டையில் தோய்த்த பண்டம் அந்நாட்களுக்கே உரியதாக எப்படி ஆயிற்று என்று கேட்பவருக்கு விடை சரித்திரத்திலே இருக்கிறது: சிலுவைப்போர்ச் சாஸனம் என்னும் போப்பாண்டவரின் அனுமதிப் பத்திரத்தைக் காணிக்கை செலுத்திப் பெற்றுக்கொண்ட ஸ்பானியருக்கு அந்த விலக்கு தளர்த்தப்பட்டிருந்தது. வருஷத்தில் ஒரு நாள், அல்லது வாழ்க்கையில் சில நாட்கள், எளிய குடும்பமும் செல்வர் வீட்டுச் சரக்கைத் தன் பழைய ரொட்டியின்மேல் ஊற்றிற்று. வறுமையின் கண்டுபிடிப்பு என்று நாம் சொல்லிவருவது உண்மையில் வறுமைக்கு நடுவே கிடைத்த விடுமுறைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெயர்களைப் பற்றிய கதைகளுக்குள் நெடுந்தூரம் போவதில் பயனில்லை. அமெரிக்காவின் ஆல்பனி நகரத்தில் 1724ஆம் ஆண்டு ஃபிரெஞ்ச் என்ற குடும்பப் பெயருடைய விடுதிக்காரர் ஒருவர் இதைக் கண்டுபிடித்தார் என்ற கதை இன்றும் உலவுகிறது. ஆனால் 1660இல் லண்டனில் வெளிவந்த ராபர்ட் மே என்பவரின் சமையல் நூலிலேயே பிரெஞ்சு டோஸ்ட் என்ற பெயர் இருக்கிறது. அங்கே ரொட்டியை அனலில் வாட்டித் திராட்சை மதுவிலும் சர்க்கரையிலும் ஆரஞ்சுச் சாற்றிலும் ஊறவைப்பதோடு சரி. பாலும் இல்லை, முட்டையும் இல்லை. ஆகவே பெயர் ஒரு வழியாகவும் பண்டம் வேறொரு வழியாகவும் நடந்துவந்து பிற்காலத்தில் கூடிக்கொண்டன என்று கொள்வதே பொருத்தம்.

இனி ரொட்டி காய்வது என்றால் என்ன என்பதையும் சற்றே பார்க்கவேண்டும். ஈரம் வற்றுவதுதான் அதற்குக் காரணம் என்று உலகம் நெடுங்காலம் நம்பியிருக்க, 1852இல் பிரெஞ்சு ரசாயன நிபுணர் பூசென்கோ, காற்றுப் புகாமல் அடைத்துவைத்த ரொட்டியும் எடை குறையாமலே விறைத்துப்போவதையும், மறுபடி சூடேற்றினால் அது இளகிவிடுவதையும் காட்டினார். சுட்ட வெப்பத்தில் குழைந்த மாச்சத்து ஆறும்போது மீண்டும் ஒழுங்குபட்டு இறுகுவதே அந்த விறைப்பு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இறுகிய அந்தச் சுவர்கள்தாம் பாலையும் முட்டையையும் உள்ளே வாங்கிக்கொண்டும் கரையாமல் நிற்கின்றன. புது ரொட்டியோ நனைந்த மாத்திரத்தில் கூழாகிவிடும். இட்லி உப்புமாவுக்கு நேற்றைய இட்லிதான் ஆகும், இன்று வார்த்தது குழைந்துபோகும் என்று நம் வீடுகளில் அறிந்திருப்பதும் இதே நியாயந்தான்.

காய்ந்த ரொட்டி வீட்டில் எப்போதும் உண்டு, முட்டையும் சர்க்கரையும் அரிது என்றிருந்த ஏற்பாட்டை இருபதாம் நூற்றாண்டு தலைகீழாக்கிற்று. 1928 ஜூலை 7ஆம் தேதி, மிஸ்ஸூரி மாகாணத்துச் சில்லிகோத்தி என்ற சிற்றூரில், முன்பு நகைக்கடை வைத்திருந்த ஆட்டோ ரோவெடர் என்பவரின் யந்திரத்தில் வெட்டப்பட்ட ரொட்டி முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. துண்டு போட்டால் சீக்கிரம் விறைத்துவிடுமே என்று ரொட்டிக்காரர்கள் ஆட்சேபித்ததனால், வெட்டிய கையோடு காகிதத்தில் இறுகச் சுற்றவும் அந்த யந்திரத்துக்கு அவர் கற்பிக்க நேர்ந்தது. (பதினைந்து ஆண்டுகளுக்குள் ஜனங்கள் இதற்கு எவ்வளவு பழகிவிட்டார்களென்றால், யுத்தகாலச் சிக்கனம் கருதி 1943 ஜனவரியில் வெட்டிய ரொட்டியைத் தடை செய்த அமெரிக்க அரசாங்கம், மார்ச் மாதமே அத்தடையை நீக்கிக்கொண்டது.) பிற்பாடு மென்மைக்கான சேர்க்கைகளும் சேர்ந்து, பல நாட்கள் வரையில் விறைக்காத ரொட்டி சாதாரணமாயிற்று. காப்பாற்ற வேண்டிய காய்ந்த ரொட்டி வீட்டில் இல்லாமற்போன அதே காலத்தில், முட்டையும் சர்க்கரையும் மலிந்தன. 1980களில் பர்கர் கிங் போன்ற துரித உணவுச் சாலைகள், காரில் அமர்ந்தபடியே தட்டும் முள்கரண்டியும் இன்றித் தின்பதற்கு வாகாக இதைக் குச்சிகளாக்கி விற்றபோது, அதற்கென்றே ரொட்டி தயாராயிற்று.

தமிழ்நாட்டில் ரொட்டி நெடுங்காலம் காய்ச்சல்காரர்களுக்குப் பாலில் தோய்த்துக் கொடுக்கும் பத்திய உணவாகவே இருந்தது. 1965இல் மத்திய அரசு மாடர்ன் பேக்கரீஸ் நிறுவனத்தை ஏற்படுத்திய பின், வெட்டிச் சுற்றிய ரொட்டி நடுத்தர வீடுகளுக்குள்ளும் பரவலாகப் புகுந்தது. நம் ஹோட்டல்களிலும் இலங்கையிலும் பாம்பே டோஸ்ட் என்று வழங்கும் பண்டம் பெரும்பாலும் இந்த மிருதுவான ரொட்டியிலேயே செய்யப்படுவதால், கூழாகிவிடாதபடி சட்டென்று நனைத்தெடுக்க நேர்ந்து, முட்டை மேல்தோலோடு நின்றுவிட, உள்ளே வெறும் ரொட்டியே எஞ்சுகிறது. அது ருசியற்றது என்று நான் சொல்ல வரவில்லை. ஊறுவது என்ற காரியம் அங்கே நடக்கவில்லை என்பதே என் குறை.

எனவே வீட்டில் குச்சிகளாகச் செய்ய விரும்புகிறவர், முன்னோர் தவிர்க்க முடியாமல் அனுபவித்த விறைப்பைத் தாமே வரவழைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வெட்டாத ரொட்டியாக வாங்கி, ஓர் அங்குலக் கனத்துக்கு அறுத்து, ஒவ்வொரு துண்டையும் மூன்று குச்சிகளாக்குவது நலம். நாற்புறமும் சிவக்கும் குச்சியில் மொறுமொறுப்பு முழுத் துண்டைவிட அதிகம். கடற்கரை ஊர்களின் காற்றில் இரவு முழுவதும் திறந்து வைத்தால் ரொட்டி காய்வதற்குப் பதிலாக நமுத்துப்போகும். குளிர்பதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்தால் மாச்சத்து வெகு விரைவில் இறுகும், பிறகு தோசைக்கல்லில் சிறு தீயில் புரட்டி மேல் ஈரத்தைப் போக்கிக்கொள்ளலாம். ஒரு முட்டைக்கு நான்கைந்து மேஜைக்கரண்டிப் பாலுக்கு மேல் போனால் உட்புறம் உறையாமல் சொதசொதக்கும். சர்க்கரையைக் கலவையில் மிகுதியாகச் சேர்த்தால் உள்ளே வேகுமுன் வெளியே கருகும்; பதினைந்தாம் நூற்றாண்டுச் சுவடிக்காரர் செய்ததுபோல் கடைசியில் தூவுவதே சரி. எடுத்த குச்சிகளைத் தட்டில் குவிக்காமல் கம்பி வலைமேல் தள்ளித் தள்ளி வைக்கவேண்டும், ஏனெனில் ஒன்றின் ஆவி மற்றதன் மொறுமொறுப்பைக் கெடுக்கும். கடைச் சரக்கில் இந்தத் தொல்லைக்குப் பரிகாரமாக மாவும் ஸ்டார்ச்சும் கலந்த பூச்சு ஒன்றைப் பூசுகிறார்கள். அப்படிப்பட்டவற்றுள் சிலவற்றில் முட்டையே இருப்பதில்லை.